இல்லமும் இலட்சியமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்க் காலம் கழிக்கும் நமக்கு, கற்றோர் நிறைந்த இவ்வவையில் பேசத் தகுதி உண்டோ என்னும் தயக்கம் எழாமல் இல்லை. ஆயினும், இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மக்களைப் பெற்று வளர்க்கும் எவர்க்கும் உரியது. ஒரு குழந்தையின் வளர்ப்பு அதன் கனவையும் இலட்சியத்தையும் எவ்வாறு உருவாக்குகிறது என்பதே அப்பொருள்.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பர் பெரியோர். உண்மைதான். ஆனால், அனுபவம் மிக்க உழவன் முளையை மட்டுமா பார்க்கிறான்? மண் எத்தகையது, நீர் எங்கிருந்து பாய்கிறது என்பவற்றையன்றோ முதலில் பார்க்கிறான்! குழந்தைக்கு இல்லமே மண். இல்லத்தில் வழங்கும் பேச்சே நீர்.

நமது காலனியையே எண்ணிப் பாருங்கள். பாகாலா ஒரு சந்திப்பு நிலையம். காட்பாடிக்கு ஒரு பாதை, திருப்பதிக்கு ஒரு பாதை, தருமாவரத்துக்கு ஒரு பாதை. வண்டியின் ஓசையில் கண் விழித்து, வண்டியின் ஓசையிலேயே உறங்கும் பிள்ளைகள் இங்குள்ளோர். நமது சிறு வயதில், ‘பெரியவனானால் என்ன ஆவாய்?’ என்று எவரேனும் கேட்டால், ‘கார்டு ஆவேன்’ என்றே நாம் விடை சொல்லி வந்தோம். பச்சைக் கொடி பிடித்தவரினும் உயர்ந்த மனிதரை நாம் கண்டதில்லை. அக்கனவில் இழிவு ஏதுமில்லை. உழைத்து உண்ணும் தொழில் எதுவும் உயர்ந்ததே. ஆனால் ஓர் உண்மை இதிலிருந்து விளங்குகிறது. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கொண்டுதான் குழந்தை கனவு காண்கிறது. கண்டும் கேட்டும் அறியாத ஒன்றை அது எவ்வாறு விரும்பும்?

இதற்குச் சான்று நமது பகுதியிலேயே உண்டு. டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888-ஆம் ஆண்டு திருத்தணியில் பிறந்தவர். அவ்வூர் 1960 வரை நமது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. திருப்பதியிலும் வேலூரிலும் பயின்று, பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார். எளிய குடும்பம். நூல் வாங்கும் செலவும் பெருஞ்செலவு. தத்துவம் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் பாடநூல்களை அவருக்கு அளித்தார். அவரும் தத்துவத்தையே பாடமாய் ஏற்றார் என்று அவர் வரலாறு கூறுகிறது. வறுமை வழியை அடைத்தது. உறவு ஒரு வழியைத் திறந்தது. அவ்வழியே சென்றவர் 1962-இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

மற்றொரு குடியரசுத் தலைவரின் வரலாற்றைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். 1931-இல் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்களே அவர். தந்தையார் ஜைனுலாப்தீன் அதிகம் பள்ளி சென்றவரல்லர், செல்வரும் அல்லர். ஆயினும் இராமேசுவரம் கோயிலின் பெரிய அர்ச்சகர் பட்சி இலட்சுமண சாஸ்திரிகள் அவருடைய உற்ற நண்பர். இருவரும் அமர்ந்து ஆன்மிகம் பேசுவதைக் கேட்டு வளர்ந்தார் சிறுவர் கலாம். தந்தை மரப்படகு கட்டியதையும் அருகிருந்து கண்டார். சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவை பறக்கும் விதத்தை நேரில் காட்டி விளக்கினார். அன்று தோன்றிய ஆசைதான், தாமும் பறக்க வேண்டும் என்னும் கனவாயிற்று.

நமது காலனியினர் கேட்டு மகிழத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இராமேசுவரத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளை எடுத்துத் தர உதவியே கலாம் தம் முதற்கூலியைப் பெற்றார்.

தந்தையாரின் விருப்பம் மகன் கலெக்டராக வேண்டும் என்பது. ஆயினும், அதை மகன்மேல் சுமத்தாமல், அவன் விரும்பிய படிப்புக்கே வழிவிட்டார். சென்னையில் விமானப் பொறியியல் பயிலப் பணம் வேண்டியிருந்தபோது, சகோதரி சோஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

அந்தக் கனவு நிறைவேறியதா? இல்லை! விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் சென்றார். எட்டு இடங்கள், அவர் பெற்றதோ ஒன்பதாம் இடம். மனமுடைந்தாரெனினும் வீழ்ந்து கிடக்கவில்லை. 1958-இல் பாதுகாப்புத் துறையில் பணியேற்றார். பின்னர் விண்வெளித் துறைக்குச் சென்றார். 1979 ஆகஸ்டில் அவர் தலைமையில் உருவான ஏவுகலம் கடலில் வீழ்ந்தது. 1980 ஜூலை 18-ஆம் நாள் அதே வகை ஏவுகலம் ரோகிணியைச் சுமந்து விண்ணேறியது. தாம் பறக்க முடியாதவர், நாட்டின் துணைக்கோளைப் பறக்க வைத்தார்! அது எழுந்த ஸ்ரீஹரிகோட்டாவும் நமது பாகாலாவும் 2022-இல் உருவான திருப்பதி மாவட்டத்துள் ஒருங்கே வந்தன என்பது நமக்குப் பெருமையன்றோ!

இதனால் நாம் அறிவது யாது? நல்வளர்ப்பு என்பது, ‘நீ இன்னது ஆகவேண்டும்’ என்று விதிப்பதன்று. பலவற்றைக் காணவும் கேட்கவும் கதவைத் திறந்து வைப்பது. குழந்தை ஒரு வழியைத் தேர்ந்தால் துணை நிற்பது. அவ்வழி அடைபட்டாலும் மறுவழி தேடும் மனவுறுதியை முன்னரே ஊட்டி வைப்பது. இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பயில்கின்றனர். இதனைக் குறையெனக் கருதுவோர் சிலர். இரு மொழி அறிந்த குழந்தைக்கு உலகைக் காண இரு பலகணிகள் உண்டென்றே நாம் கொள்வோமாக.

தாய்மார்களே! தம்பியின் படிப்புக்கென வளையலைக் கழற்றித் தரும் அக்காமார் நம் இல்லங்களிலும் உண்டு. அவர்களைப் போற்றுகிறோம். ஆனால், ‘அம்மா, உன் கனவு யாது?’ என்று அப்பெண்ணை நாம் கேட்டதுண்டா? மகனிடம் ‘என்ன படிக்கப் போகிறாய்?’ என்று வினவும் நாவு, மகளிடம் ‘எப்போது கல்யாணம்?’ என்று வினவுவது ஏன்? ஒரே கூரையின்கீழ் ஒருவர்க்குக் கதவும் ஒருவர்க்குச் சுவரும் இருத்தல் ஆகாது. அறியாமலே மங்கிப்போகும் கனவுகளுள் பெண்மக்களுடைய கனவுகளே மிகுதி என்பதை மறவாதீர்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் ஊருக்கு அருகே காதங்கியில், விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட பெரிய ரேடார் அங்கிருந்து மேலுலகக் காற்றின் போக்கை அளந்து வருகிறது. இவ்வளவு அருகில் இருந்தும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதனைக் கண்டிருப்பர்? திருப்பதியிலோ 1954-இல் தோன்றிய வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முறைப்படி அனுமதி பெற்று, ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி நம் பிள்ளைகளை இவ்விடங்களுக்கு ஆண்டுக்கொரு முறை அழைத்துச் செல்லும் பொறுப்பைச் சங்கம் ஏற்றல் வேண்டும். கண்டு வந்த பின்னும் ஒரு குழந்தை ‘இரயிலில்தான் பணி செய்வேன்’ என்று சொன்னால், மகிழ்ந்து வாழ்த்துவோம். அப்போது அது பலவற்றைக் கண்டு தானே தேர்ந்துகொண்ட கனவாக இருக்கும்.

 வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்!