ஒரு சாரத்தின் ஆயுள்



புறநானூற்றுப் பாடலொன்றிலே, இரவில் பருத்தி வேலை செய்யும் பெண்ணொருத்தியின் சிறுவிளக்கு எரிகிறது. காட்டுப்பூனைக்கு அஞ்சிய பேடைக்கோழி, அவ்வொளியிலே தன் சேவலைக் கண்டு அமைதி கொள்கிறது. ஆடையின் நுண்மையைப் பாடிய புலவர் பலர். இப்பாடலோ அதன் பின்னே விழித்திருக்கும் கண்களையும் நமக்குக் காட்டிவிடுகிறது.

அந்த விளக்கு எனக்கு நினைவுக்கு வந்தது மருதமுனையிலேதான். கல்முனைக்கு அருகே, கைத்தறிக்குப் பேர்பெற்ற கடலோர ஊர் அது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வீடுகளோடு தறிகளையும் அள்ளிச்சென்ற ஊர். சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே ஒரு வீட்டில் சாரமொன்றை எடுத்துக்கொண்டு, "விலையைக் கொஞ்சம் குறையுங்களேன், உம்மா" என்றேன்.

"இரிங்க மகன், இந்த இழைய முடிஞ்சிபோட்டு வாறன்" என்றார் தறியில் இருந்த மூதாட்டி.

பாவில் ஓரிழை அறுந்திருந்தது. நூற்றுக்கணக்கான இழைகளுக்கிடையே அதன் நுனியைத் தேடி எடுத்தார். புதுநூல் முடிந்து, அச்சின் பல்லுக்குள்ளால் இழுத்து, இறுக்கம் பார்த்தார். பின்னர் நிமிர்ந்து, "இப்ப சொல்லுங்க, எவ்வளவு குறைக்க?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் தந்தையாரின் கைத்தறிச் சாரம் வெளுத்தது, கரை கிழிந்தது, அம்மா தைத்துக் கொடுத்தார். பிறகு அது தம்பிக்கு ஏணையாயிற்று. கடைசியில் அடுப்படியிலே சட்டி இறக்கும் துணியாயிற்று. நூலின் உறுதி மட்டுமா அதற்குக் காரணம்? அதன் அருமையை வீட்டார் அறிந்திருந்தனர்.

இன்று மலிவாக வாங்குகிறோம், விரைவாக எறிகிறோம். அந்த அவசரத்தின் விலையை வேறு யாரோ கொடுக்கின்றனர். 2013 ஏப்ரல் 24 இல் வங்காளதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து, 1100க்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலானோர் ஆடைத் தொழிலாளர்கள். முதல்நாளே சுவர்களில் வெடிப்புக் கண்டிருந்தும், அவர்களை மறுநாள் வேலைக்கு அழைத்திருந்தார்கள்.

எல்லோரும் கைத்தறியே உடுக்க வேண்டும் என நான் சொல்லவில்லை. அதற்கு எல்லோரிடமும் வசதியில்லை. நம் நாட்டிலும் ஆடைத் தொழிற்சாலைகளை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. ஒன்று குறைவாக வாங்குவோம். வாங்கியதைத் தைத்துத் தைத்து உடுப்போம். கையால் நெய்தது கிடைத்தால், அந்த முடிச்சுக்குரிய நேரத்துக்குப் பேரம் பேசாதிருப்போம்.

மருதமுனைச் சாரத்தை இன்றும் உடுக்கிறேன். அந்த முடிச்சு எங்கேயென்று தேடியிருக்கிறேன், கையில் தட்டுப்படவில்லை.