மலையும் மந்திரி நாற்காலியும்

(மதுரை, கே.கே. நகர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சுரங்க விஷயமாய்ப் பேச வேண்டுமென்று நிர்வாகிகள் கேட்டுக் கொண்டதன் பேரில் இங்கு நிற்கிறேன். எழுந்திருக்கும்போதே மேலூர்ப் பக்கத்துத் தோழர் ஒருவர் துண்டுச் சீட்டு ஒன்று கொடுத்தார். "மலையைத் தோண்டாதே என்று நாம் கிளர்ச்சி செய்தோம். வடக்கே மலைவாசிகளின் தலைவர்களே மந்திரிகளாகித் தோண்டு என்கிறார்களே. அவர்கள் துரோகிகளா, அல்லது நாம்தான் விவரம் தெரியாதவர்களா?" என்று அதில் எழுதியிருக்கிறது. யோக்கியமான கேள்வி. இதற்கே பதில் சொல்லி விடுகிறேன்.

முதலில் நம் வீட்டு விஷயம். 2024 நவம்பரில் மேலூர் தாலுகாவில் 2,015 ஹெக்டேர் பூமியை, டங்ஸ்டன் எடுப்பதற்காக, வேதாந்தா கூட்டத்தைச் சேர்ந்த இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்கு மத்திய சர்க்கார் ஏலத்தில் விட்டது. அரிட்டாபட்டிக்காரனையும் நாயக்கர்பட்டிக்காரனையும் கேட்டா விட்டார்கள்? டிசம்பர் 9-ந் தேதி நம் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் செய்தது. 2025 ஜனவரி 7-ந் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கான பேர் திரண்டு வந்தார்கள். அதே மாதம் 23-ந் தேதி ஏலம் ரத்தாயிற்று. நல்ல காரியம், சந்தோஷம்.

ஆனால் அந்தக் கிளர்ச்சியில் சிலர் பேசிய பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. மலை மேல் சாமி இருக்கிறது, தோண்டினால் சாமி குற்றம் வரும் என்றார்கள். தோழர்களே, இந்த வாதத்தை நம்பினால் மலை நிற்காது. நாளைக்கே கம்பெனிக்காரன் ஒரு குருக்களைக் கூட்டி வந்து, "பாலாலயம் பண்ணிச் சாமியைக் கலசத்தில் இறக்கிக் கொள்கிறேன், பக்கத்து ஊரில் இதைவிடப் பெரிய கோயிலாய்க் கட்டித் தருகிறேன், கும்பாபிஷேகச் செலவும் என்னுடையது" என்றால் என்ன பதில் சொல்லுவீர்கள்? சாமியை இடம் மாற்ற மந்திரம் இருக்கிறது. கண்மாயை இடம் மாற்ற எந்த மந்திரமும் இல்லை. மலையடியில் குடியிருக்கிறவனும், அந்தத் தண்ணீரில் பயிர் செய்கிறவனும் வேண்டாம் என்கிறான் என்ற ஒரு காரணம் போதாதா?

இது ஒரு மூடநம்பிக்கை. துண்டுச் சீட்டில் இருப்பது இன்னொன்று. மலைவாசி வயிற்றில் பிறந்தவன் தோண்டாதே என்றுதான் சொல்ல வேண்டும், தோண்டு என்றால் துரோகி என்பது. இன்ன வயிற்றில் பிறந்தவனுக்கு இன்ன புத்திதான் இருக்க வேண்டுமென்று விதித்தவன் மனு அல்லவா? பட்டணத்தில் மின்சார விசிறிக்கடியில் உட்கார்ந்து கொண்டு, ஆதிவாசி என்றால் தேன் எடுத்துக் கொண்டும், நாம் படம் பிடிக்க ஆடிக் காட்டிக் கொண்டும் காட்டிலேயே கிடக்க வேண்டும் என்று நினைப்பதும் வருணாசிரமந்தான். அந்த விசிறி நிலக்கரியில் சுற்றுகிறது. நிலக்கரி அவன் காலடியிலிருந்து வருகிறது என்பது நினைவிலேயே இல்லை.

இதைத் திருப்பிப் போட்டாலும் அதே பித்தலாட்டந்தான். "அவர்கள் இனத்து மந்திரியே கையெழுத்துப் போட்டு விட்டார், ஆகையால் அந்த இனமே சம்மதித்து விட்டது" என்கிறானே கம்பெனிக்காரன், அது.

சிபு சோரன் அவர்களை எடுத்துக் கொள்ளுங்கள். சந்தால் ஜாதியில் 1944-ல் பிறந்தவர். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். 1957-ல் லேவாதேவிக்காரர்களின் ஆட்கள் அவரைக் கொன்று போட்டார்கள். பையனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தப் பையன் வளர்ந்து, 1970-களில் தன்பாத் பக்கத்தில் ஓர் இயக்கம் ஆரம்பித்தார். வட்டிக்காரன் பிடுங்கிக் கொண்ட வயலில் விளைந்த நெல்லை ஆதிவாசிகளே அறுத்துக் கொள்வது. பெண்கள் அறுப்பார்கள், ஆண்கள் வில் அம்போடு காவல் நிற்பார்கள். கள் சாராயத்தை விடச் சொன்னார். ராப் பள்ளிக்கூடம் வைத்தார். ஜனங்கள் அவரைத் "திசோம் குரு" என்றார்கள். (தலைவனைத் தலைவன் என்று சொன்னால் போதாதா? குரு என்று ஆக்கிவிட்டால் அப்புறம் எவன் கணக்குக் கேட்பான்?)

அவர் 2004-ல் மத்திய சர்க்காரில் நிலக்கரி மந்திரியானார். வழக்குகளால் இரண்டு தடவை அந்தப் பதவியை விட நேர்ந்தது. அவ்வழக்குகளில் பின்னர் விடுதலையும் ஆனார். அது இங்கே விஷயமல்ல. சுரங்கத்துக்காகக் குடிபெயர்க்கப்பட்ட ஜனங்களின் பிள்ளை நிலக்கரி இலாகாவை ஏற்றது தப்பா என்றால், தப்பே இல்லை என்பேன். அந்த இலாகாவை மேல்ஜாதிக்காரனுக்கே சாசனம் பண்ணிக் கொடுத்திருக்கிறதா? நாம் வகுப்புவாரி உரிமை கேட்டது எதற்காக?

ஆனால் உரிமை எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். 1993 ஜூலையில் நரசிம்மராவ் சர்க்காரைக் காப்பாற்ற அவரும் அவர் கட்சி மெம்பர்களும் பணம் வாங்கிக் கொண்டு ஓட்டுப் போட்டார்கள் என்று வழக்கு நடந்தது. பார்லிமெண்டில் போட்ட ஓட்டுக்காக வழக்குத் தொடர முடியாது என்று 1998-ல் சுப்ரீம் கோர்ட்டு விட்டுவிட்டது. அந்தத் தீர்ப்புத் தப்பு என்று 2024 மார்ச்சில் அதே கோர்ட்டு சொல்லிற்று. 1993 முதல் கொடுக்கப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் 200-க்கு மேற்பட்டவற்றை 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரேயடியாய் ரத்து செய்தது. மது கோடா என்பவர் சுரங்கத்தில் கூலி வேலை பார்த்தவர். 2006-ல் முதல் மந்திரியானார். சுரங்கம் ஒதுக்கிய வழக்கில் 2017 டிசம்பரில் டில்லிக் கோர்ட்டு அவருக்கு மூன்று வருஷம் சிறை விதித்தது.

ஜார்க்கண்டு மாகாணம் பிறந்தது 2000 நவம்பரில். அன்று முதல் வந்த முதல் மந்திரிகளில் ஒருவரைத் தவிர எல்லாரும் ஆதிவாசிகள். ஆதிவாசிப் பிரதேசங்களில் கிராம சபையைக் கேட்டே காரியம் செய்ய வேண்டும் என்கிற பெசா சட்டம் 1996-லேயே வந்து விட்டது. அதற்கு விதிகள் எழுதினால்தான் நடைமுறைக்கு வரும். மாகாணம் பிறந்து இருபது வருஷம் சென்ற பிறகும் அந்த விதிகளை எழுதாமலே இருந்தார்கள்! பேனா யார் கையில் இருந்தது? பார்ப்பான் கையிலா? கனி வளத்துக்கு மாகாணங்கள் வரி போடலாம் என்று 2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது. நம் தமிழ்நாட்டு வழக்கில் 1989-ல் சொன்ன மாறான தீர்ப்பைத் தள்ளிவிட்டுச் சொன்ன தீர்ப்பு அது. தமக்கு 1.36 லட்சம் கோடி ரூபாய் பாக்கி என்று ஜார்க்கண்டு சர்க்கார் டில்லியிடம் கேட்கிறது. கேட்கட்டும், நியாயந்தான். வந்தால் ராஞ்சிக்கு வரும். குழி வெட்டின கிராமத்துக்கு எவ்வளவு என்பது தனிக் கேள்வி.

கனடா தேசத்தில் மேற்குக் கரையில் ஹைஸ்லா என்ற பூர்வகுடி இருக்கிறது. அதன் தலைவராக ஓட்டில் வந்தவர் எல்லிஸ் ராஸ். 2017-ல் மாகாண சட்டசபைக்கும், 2025-ல் கனடா பார்லிமெண்டுக்கும் போனார். எரிவாயுத் தொழில் வரவேண்டும், சர்க்கார் போடும் படியை நம்பி எங்கள் பிள்ளைகள் வேலையின்றிச் சீரழிந்தது போதும் என்று வெளிப்படையாகப் பேசுகிறவர். அவர் கட்சி எனக்குப் பிடித்தமானதல்ல. ஆனால் அங்கே ஒரு விஷயம் இருக்கிறது: ஹைஸ்லா ஜனங்களின் ஊரில் கட்டப்படும் சீடர் என்னும் எரிவாயு ஆலையில் 50.1 சதவிகிதப் பங்கு அந்த ஜனங்களுடையது. நம் நாட்டில் சுரங்கத்தில் பாதிப் பங்கு கொடு என்று எந்த ஆதிவாசி மந்திரி கேட்டு வாங்கினார்?

அங்கேயும் எல்லாம் சுபமல்ல. அந்தக் கரைக்கு எரிவாயு கொண்டு வர 670 கிலோமீட்டர் குழாய் போட்டார்கள். வழியிலுள்ள ஓட்டுச் சபைகள் கையெழுத்துப் போட்டன. வெட்சுவெட்டன் என்ற குடியின் பரம்பரைத் தலைவர்கள் மறுத்தார்கள். போலீஸ் வந்து பலரைப் பிடித்தது. பரம்பரை என்றாலே நமக்கு ஆகாது. ஓட்டுச் சபை பக்கமே நிற்கத் தோன்றும். ஆனால் அந்தச் சபையோ வெள்ளைக்காரன் தன் சட்டத்தால் அவர்கள் தலையில் ஏற்றி வைத்தது. பெயரைப் பார்த்து ஏமாறாமல், அந்த மண்ணில் இருக்கிறவனை நேரில் கேட்டாயா என்றுதான் கேட்க வேண்டும்.

அப்படி ஒரு தடவை நம் நாட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். ஒரிசாவில் நியமகிரி மலை. அங்கேயும் இதே வேதாந்தாதான். 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி 12 கிராம சபைகளைக் கூட்டிக் கேட்டார்கள். 12-ம் வேண்டாம் என்றன. அவர்கள் மலையைத் தெய்வம் என்கிறார்கள். அந்தத் தெய்வத்தை நான் ஒப்பவில்லை. அந்த ஓட்டை ஒப்புகிறேன். நாளை அவர்களே பங்கு பேசித் தோண்டலாம் என்று ஓட்டுப் போட்டாலும் ஒப்புவேன்.

மேலூர்த் தோழருக்கு இன்னொன்று. உங்கள் தாலுகாவில் கிரானைட்டுக்காக மலை மலையாய் அறுத்தவன் வெளியூரான் மட்டுமா? 2012-ல் கலெக்டராயிருந்த சகாயம் அவர்கள் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று சர்க்காருக்கு எழுதினாரே, அதற்கு உடந்தையாயிருந்தவர்களில் நம்மூரார் இல்லையா? 2015-ல் திருத்திய சுரங்கச் சட்டப்படி, சுரங்கத்தால் கெட்ட ஊர்களுக்காகக் கலெக்டர் தலைமையில் ஜில்லா கனிம நிதி என்று ஒன்று இருக்கிறது. அதில் எவ்வளவு வந்தது, எந்த ஊருக்கு என்ன செய்தார்கள் என்று உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்? ஆகஸ்ட் 15-லும் அக்டோபர் 2-லும் கிராம சபை கூடுகிறது. அங்கே கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுத்தில் கேளுங்கள். வருகிற பதிலை அப்படியே நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள்; ஊர் ஊராய்ப் பிரசுரிக்க ஆசிரியர் சம்மதித்திருக்கிறார்.