பெயர் எழுதாத படம்

(நாகர்கோவில் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் பாட்டனாரின் தகரப் பெட்டியிலே ஒரு படம் கிடைத்தது. மாணவர் ஊர்வலம், மடித்துக் கட்டிய வேட்டிகள், வானை நோக்கி உயர்ந்த கரங்கள், விழிகளிலே வீரம். ஆவலோடு பின்புறம் திருப்பினேன். ஆண்டு இல்லை, ஊர் இல்லை, ஒருவர் பெயருமில்லை! கோட்டாற்றுத் தெருவா, வடசேரிச் சந்தையா, வேறெந்த ஊரோ? சொல்ல வேண்டியவர் மறைந்துவிட்டார். சாட்சி இருக்கிறது, ஆனால் ஊமையாக!

துப்பாக்கியின் ஓசை இம்மண்ணுக்குப் புதிதல்ல. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் குருதி சிந்தினர். 1965 சனவரி 27இல் சிதம்பரத்திலே, இந்தித் திணிப்பை எதிர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் குண்டடிபட்டு மாண்டான். அவனுக்குச் சிலை உண்டு. அவன் தோளோடு தோள் நின்றவர்களுக்கு? எந்தப் பெட்டியிலே உறங்குகின்றனவோ அவர்கள் முகங்கள்!

கடல் கடந்து பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோ, 1976 சூன் 16. அங்கும் மொழித் திணிப்புத்தான்! ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலே படி என்றது வெள்ளை ஆட்சி. மாட்டோம் என்றனர் மாணவர். சுட்டது போலீஸ். 12 வயது எக்டர் பீட்டர்சனின் உடலை ஓர் இளைஞன் ஏந்தி ஓட, உடன்பிறந்தாள் கதறியபடி உடன் ஓட, அக்காட்சியைப் படமெடுத்தார் சாம் நிசிமா. சுருளைக் காலுறைக்குள் மறைத்துக் காப்பாற்றினார். கலகக் கும்பல் என்று ஆட்சி கதை கட்டலாம். படத்திலே உலகம் கண்டது ஒரு பாலகனை! அந்தப் பாலகனுக்குப் பெயர் இருந்தது, நாள் இருந்தது, இடம் இருந்தது. ஆகவேதான் சூன் 16 இன்று அந்நாட்டின் இளைஞர் நாள்.

ஆனால், தோழர்களே, படம் இருபுறமும் கூரான வாள்! உடலை ஏந்திய அந்த இளைஞன் போலீசின் தொல்லை தாளாது நாட்டைவிட்டே வெளியேறினான். படமெடுத்தவரும் தொழிலைத் துறந்து ஊர் திரும்ப நேர்ந்தது. போராடுவோர் முகத்தைப் பதிவு செய்வது கடமை. அதனைப் பகைவன் கையிலே கொடுத்துவிடாமல் காப்பது அதனினும் பெரிய கடமை.

2017 சனவரியில் மெரீனாவிலே திரண்ட இளைஞர் கைகளிலெல்லாம் செல்பேசி இருந்தது. எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை. எழுதி வைத்த பெயர்கள் எத்தனை? அன்றன்றே நாள், இடம், பெயர் மூன்றையும் ஏட்டிலே குறியுங்கள். ஏட்டைப் பூட்டி வையுங்கள். காலம் கனிந்ததும் வெளியிடுங்கள்.

இன்றிரவு வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். பழைய படங்களைத் தாத்தாவிடம், பாட்டியிடம் காட்டுங்கள். "இவர் யார்? இது எந்த ஊர்?" என்று கேளுங்கள். படத்தின் பின்னே பென்சிலால் மெல்ல எழுதுங்கள். நான் கேட்கத் தவறினேன், நீங்கள் தவறாதீர்கள்!