வாய்ச் சொல்லை நம்பி வீடு பிடிக்காதீர்!

(கோவையில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்குகிறது. அதில் உள்ள எண்ணுக்குப் பேசுகிறீர்கள். "வாங்க, வந்து பாருங்க" என்கிறார் வீட்டுக்காரர். வாடகையைச் சொல்கிறார். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும் என்பதையும் சொல்கிறார். கடைசியில், "உங்க பேரு என்னங்க?" என்கிறார். பெயரைச் சொன்னதும் சற்று மௌனம். "அடடா, நேத்துத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாருங்க!" அவ்வளவுதான். மறு வாரமும் அதே பலகை அங்கேயே தொங்குகிறது!

உங்களில் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கிறது? இதை நாமாகக் கற்பனை செய்து புலம்பவில்லை. முஸ்லிம்கள் மற்றவர்கள் வாழும் பகுதிகளில் வீடு வாங்கவும் வாடகைக்குப் பிடிக்கவும் சிரமப்படுகிறார்கள் என்பதை 2006-ல் சச்சார் குழு அறிக்கையே பதிவு செய்தது. 2012-ல் தில்லி வட்டாரத்தில் ஆய்வாளர்கள் தொலைபேசியில் வீடு கேட்டுப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரில் கேட்டபோது மறுப்பே இல்லை. முஸ்லிம் பெயரில் கேட்டபோது 10 பேரில் 3 பேருக்குக் கதவு சாத்தப்பட்டது.

கோவையின் காயம் இன்னும் ஆழமானது. 1997 இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14-ல் குண்டுவெடிப்புகள் 58 உயிர்களைப் பறித்தன. அந்தப் பாதகத்தை நாம் கண்டித்தோம், இன்றும் கண்டிக்கிறோம். ஆனால் யாரோ செய்த குற்றத்துக்கு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு தேடும் குடும்பம் இன்றும் பதில் சொல்லிக் கொண்டிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 1968-ல் வந்த சட்டம், மதத்தைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைச் சட்டவிரோதமாக்கியது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு அரசைக் கட்டுப்படுத்துகிறது. தன் வீட்டை யாருக்கு விடுவது என்ற தனி மனிதரின் முடிவை அது எட்டுவதில்லை. அத்தகைய சட்டம் வேண்டும் என்று கேட்போம், உரத்துக் கேட்போம். ஆனால் சட்டம் வரும் வரை குடும்பத்தைத் தெருவில் நிறுத்த முடியுமா?

ஆகவே ஒன்றைப் புரிந்து கொள்ளுங்கள். வீடு கொடு என்று ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கொடுத்த பிறகு அவரையும் நம்மையும் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அந்தச் சட்டத்தைத்தான் நாம் கையில் எடுப்பதே இல்லை!

பழைய 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. தமிழக அரசு 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தம் செய்து கொண்டாலன்றி, 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. வீட்டைக் காலி செய்தால், பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். குடியிருப்பவரை விரட்டுவதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதும் கூடாது.

இத்தனை பாதுகாப்பும் யாருக்கு? எழுதி வாங்கியவருக்கு! "தெரிஞ்சவருங்க, எழுத்து எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு, பத்து மாத அட்வான்ஸைக் கையில் கொடுத்தவர் பிறகு எதைக் காட்டுவார்?

இளைஞர்களே, இன்னொன்று. பெயருக்குப் பயந்து, மாற்று மத நண்பரின் பெயரில் வீடு பிடித்து அதில் நீங்கள் குடியேறாதீர்கள். வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாத உள்வாடகை, காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். நண்பரும் மாட்டிக் கொள்வார். உள்ள பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

போக்கியம் என்னும் பொறி

மாதா மாதம் வாடகை கட்ட முடியாதவர்கள் போக்கியத்துக்குப் போகிறார்கள். 5 லட்சம், 8 லட்சம் என்று மொத்தமாகக் கொடுப்பது, வாடகையில்லாமல் குடியிருப்பது, முடிவில் முழுப் பணத்தையும் வாங்கிக் கொள்வது. கடன் கொடுத்து அதன் மேல் ஆதாயம் பெறுவது வட்டியாகாதா என்று உலமாக்கள் எச்சரிக்கிறார்கள். இது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, பணம் பத்திரமா? 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாய்க்கு மேற்பட்ட சுவாதீன அடமானத்துக்குப் பதிவு செய்த பத்திரமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நாமோ வெறும் முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம்! அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால்? வங்கி வீட்டை ஏலம் விட்டால், வீட்டுக்காரரின் பின்னால் அலையும் பல கடன்காரர்களில் நீங்களும் ஒருவர். ஆகவே பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மூலப் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

நம் கைகள் சுத்தமா?

சகோதரர்களே, கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். வெளியே கதவடைக்கப்பட்ட குடும்பம் எங்கே வருகிறது? கோட்டைமேட்டுக்கு வருகிறது, கரும்புக்கடைக்கு வருகிறது, குனியமுத்தூருக்கு வருகிறது. இவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை என்பது அங்கே வீடு வைத்திருக்கும் நம்மவருக்குத் தெரியும். அதனால் வாடகையை ஏற்றுகிறார், ரசீது தர மறுக்கிறார், "இஷ்டமிருந்தா இருங்க" என்கிறார். அடுத்தவர் பெயரைப் பார்த்து மறுப்பது அநீதி என்றால், நம் சகோதரனின் கையறு நிலையைப் பார்த்து விலை வைப்பது நீதியா?

குடியிருப்பவருக்கும் கடமை உண்டு. வாடகையைச் சொன்ன தேதியில் கொடுங்கள். வீட்டை அமானிதமாகப் பாருங்கள். மாற்றுச் சமுதாயத்தவர் ஒருவர் தயங்கித் தயங்கி உங்களுக்கு வீடு கொடுத்திருந்தால், அடுத்து அங்கே வீடு கேட்கப் போகும் முஸ்லிமின் கதவு உங்கள் கையில் இருக்கிறது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? 2-வது அத்தியாயத்தின் 282-வது வசனம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் வசனம் அது. அதை ஓதுகிற நாமே எழுதாமல் ஏமாறலாமா?

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவிலும் காலி வீடுகளின் பட்டியல் ஒன்றை வையுங்கள். ஒப்பந்த மாதிரி ஒன்றைத் தமிழில் எழுதி ஜமாஅத் அலுவலகத்தில் வையுங்கள். படித்த இளைஞர் இருவர், பதிவு செய்யத் தெரியாத குடும்பங்களுக்கு உதவட்டும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், மாநாடு வேண்டாம். ஜும்ஆ முடிந்து அரை மணி நேரம் போதும்.

இந்த வாரமே தொடங்குங்கள்! வஸ்ஸலாம்.