எத்தனை எலும்பு கிடைத்தது?

(நம் குடியிருப்பின் கோடை முகாமில் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)

குழந்தைகளே, டைனோசர் பெயர்கள் என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். வங்கியில் கணக்கு எழுதிப் பழகியவன் நான். அதனால் அவற்றின் அளவைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் வகைகள். இடுப்பெலும்பின் அமைப்பை வைத்து டைனோசர்களை இரண்டு பெரும் பிரிவுகளாகச் சொல்வது வழக்கம். பல்லி போன்ற இடுப்புள்ள பிரிவில் இரண்டு கூட்டங்கள் உண்டு. டைரனோசாரஸ் போல இரண்டு காலில் நடந்தவை தெரோபாட். நீண்ட கழுத்தோடு இலை தழை தின்றவை சாரோபாட். பறவை போன்ற இடுப்புள்ள பிரிவில் மூன்று கொம்பு டிரைசெராடாப்ஸும், முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசாரஸும் வருகின்றன. வேடிக்கை என்னவென்றால், பறவைகள் தோன்றியது பல்லி இடுப்புப் பிரிவிலிருந்துதான். உங்கள் பால்கனிக்கு வரும் புறாவும் டைனோசரின் வாரிசுதான்!

அளவுக்கு நம் கார் நிறுத்துமிடத்தை வைத்துக்கொள்வோம். ஒரு கார் சுமார் 4 மீட்டர். காம்ப்சோக்னேதஸ் வாலோடு சேர்த்தே 1 மீட்டர்தான். உடம்பு கோழி அளவு. டைரனோசாரஸ் ரெக்ஸ் சுமார் 12 மீட்டர், அதாவது மூன்று கார்கள். அர்ஜென்டினாவில் கிடைத்த படகோடைட்டன் 37 மீட்டர் வரை இருக்கலாம் என்கிறார்கள். வரிசையாக ஒன்பது கார்கள்!

இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். வங்கியில் கையிருப்பு வேறு, உத்தேசம் வேறு. படகோடைட்டனுக்குக் குறைந்தது ஆறு விலங்குகளின் எலும்புகள் கையிருப்பில் உள்ளன. அதே நாட்டின் அர்ஜென்டினோசாரஸுக்குச் சில முதுகெலும்புகளும் வேறு சில எலும்புகளும் மட்டுமே. மீதியை உறவு விலங்குகளோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிட்டார்கள். புத்தகத்துக்குப் புத்தகம் நீளம் மாறுவது இதனால்தான்.

நம் ஊர்க் கதையையும் கேளுங்கள். அரியலூர் அருகே கல்லமேடு கிராமத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டார்கள். சுமார் 7 கோடி ஆண்டு பழையவை. முழங்காலுக்குக் கீழுள்ள ஓர் எலும்பு மட்டுமே 2 மீட்டர். உங்கள் வீட்டுக் கதவின் உயரம்! ‘பெரிய உடல்’ என்ற பொருளில் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் உதிர்ந்து மண்ணாகிவிட்டன. சில படங்களும் அளவுக் குறிப்புகளும்தான் மிச்சம். மறுபடி அளந்து பார்க்க வழியில்லாததால், முதலிடத்தை உறுதியாகக் கொடுக்க ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள்.

பெற்றோர்களே, விடுமுறையில் அரியலூர் பக்கம் போனால் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வழியில் வித்தியாசமான கல் கண்ணில் பட்டால் வீட்டுக்கு எடுத்துவராமல், அங்கேயே விட்டுவிட்டு அவர்களிடம் சொல்லுங்கள்.

குழந்தைகளே, “இதுதான் உலகிலேயே பெரியது” என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை எலும்பு கிடைத்தது? இப்போது அது எங்கே இருக்கிறது?