உணரியை ஒட்டும் இடம்

நீரிழிவு நோயாளிகள் அணியும் தொடர் சர்க்கரைக் கண்காணிப்புக் கருவியின் மெல்லிய இழை, இரத்தத்திலுள்ள சர்க்கரையை நேரடியாக அளக்காமல், தோலுக்கடியில் உயிரணுக்களைச் சூழ்ந்திருக்கும் திசு நீரிலுள்ள சர்க்கரையையே அளப்பதால், போதிய கொழுப்புள்ள, அதிகம் மடங்காத இடமே அதற்கு ஏற்றது. இத்தகைய கருவிகளுள் ஒன்றான ஃப்ரீஸ்டைல் லிப்ரேயின் உணரிக்கு மேற்கையின் பின்புறம் பரிந்துரைக்கப்படுகிறது. உறக்கத்தில் ஒருக்களித்துப் படுப்பவரின் உடல் எடை உணரியை அழுத்தும்போது, சர்க்கரை உண்மையில் குறையாமலே குறைந்ததாகக் காட்டி நள்ளிரவில் எச்சரிக்கை மணி ஒலிப்பதுண்டு. இதனை அழுத்தத் தாழ்வு என்பர். வீண் அச்சமூட்டி உறக்கத்தைக் கெடுக்கும் இதைத் தவிர்க்க, வழக்கமாகப் படுக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையே நல்லது. தழும்பு, மச்சம், இன்சுலின் ஊசியால் தடித்த இடம் ஆகியவற்றை விலக்கி, ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றி ஒட்ட வேண்டும். கருவி காட்டும் அளவும் உடலின் அறிகுறியும் முரண்பட்டால், விரல்நுனி இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதே முறை.