சம்பளத் துண்டைப் பார்ப்பதுபோல் பிள்ளையின் ரிப்போட்டையும் பார்ப்போம்

(மூன்றாம் தவணையின் இறுதி நாளில், தோட்டப் பாடசாலை மண்டபத்தில் நடந்த பெற்றோர் – பிள்ளைகள் கூட்டத்தில் எமது சங்க அமைப்பாளரான ஆசிரியை ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு நேராக வந்திருக்கிறீர்கள். சிலருக்கு இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அதனால் நீட்டிப் பேசப்போவதில்லை. ஒரேயொரு விஷயத்தைச் சொல்லி, ஒரேயொரு வேலையை உங்களிடம் கொடுத்து முடித்துவிடுகிறோம்.

இன்று பிள்ளைகளின் கையில் ரிப்போட் கொடுத்திருக்கிறோம். வழக்கமாக வீட்டில் என்ன நடக்கும்? "எத்தனையாவது வந்த?" என்று ஒரு கேள்வி. நல்ல இடம் என்றால் கடையில் ஒரு பிஸ்கட் பக்கெட். இல்லை என்றால் திட்டு, சில வீடுகளில் அடி. பிறகு ஒரு கையெழுத்து அல்லது பெருவிரல் அடையாளம். ரிப்போட் சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விடும். வருடமும் அதோடு முடிந்துவிடும். நாங்களும் லயத்தில் வளர்ந்தவர்கள்தான். எங்கள் ரிப்போட்டுகளும் அந்தப் படத்துக்குப் பின்னால்தான் இருந்தன.

இப்போது சம்பள நாளை நினைத்துப் பாருங்கள். துண்டு கைக்கு வந்ததும் நாம் முதலில் பேரை எண்ணுகிறோம். இந்த மாதம் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள், எந்த நாளை அரைப்பேராக்கினார்கள், கடனுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று வரிவரியாகப் பார்க்கிறோம். எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாயிகூட விரல்விட்டு எண்ணி, "செவ்வாக்கிழம நான் மலைக்குப் போனேனே, அந்தப் பேர் எங்க?" என்று கேட்பார். கணக்கப்பிள்ளை பதில் சொல்லாவிட்டால் தலைவரிடம் வருவார். தலைவர் ஆபீசுக்குப் போவார். சங்கம் நமக்குப் பழக்கிய பழக்கம் இது.

பிள்ளையின் ரிப்போட்டும் ஒரு துண்டுதான். பாடசாலை இடாப்பும் ஒரு செக்ரோல்தான். அதிலும் பேர் விழாத நாட்கள் இருக்கின்றன. அவற்றை யார் எண்ணுகிறோம்?

போன வருடம் இதே மண்டபத்தில் முதன்முறையாகப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒன்றாக உட்கார வைத்தோம். அதற்கு முன்பெல்லாம் பெற்றோர் கூட்டம் என்றால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு நாங்கள் குறை சொல்லுவோம், நீங்கள் வீட்டுக்குப் போய்த் தண்டிப்பீர்கள். அதை மாற்ற நினைத்தோம். பிள்ளையே ரிப்போட்டை வாசிக்கட்டும், பெற்றோர் கேட்கட்டும், பிறகு இரண்டு பேரும் பேசட்டும் என்று விட்டோம்.

தரம் 8 பிள்ளை ஒருத்தி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். தமிழ் 61. வரலாறு 54. கணிதம் 22. அந்த இடத்தில் குரல் இறங்கிவிட்டது. வரவு எழுதிய வரியை வாசிக்காமலே தாண்டினாள். "அதையும் வாசி" என்றோம். மூன்றாம் தவணையில் மட்டும் 19 நாள் வரவில்லை.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் பிரட்டுக்குப் போன பொறகு நீ எங்கடி போன?" என்று கேட்டார். பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "தம்பியப் பாத்துக்கிட்டு வீட்டுலதானேம்மா இருந்தேன். நீங்கதானே இருக்கச் சொன்னீங்க." "நான் ஒரு நாள் ரெண்டு நாள்தானே சொன்னேன்" என்றார் அம்மா. இடாப்பைக் கொண்டுவந்து தேதி தேதியாகப் பார்த்தோம். 14 நாள், பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடந்த நாட்கள். 3 நாள், ஓடை பெருகி மேல்கணக்குப் பிள்ளைகள் வர முடியாத நாட்கள். 2 நாள் மட்டும்தான் அவளாக நின்றது.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பதினேழு நாளு இவ போட்ட லீவு இல்ல டீச்சர்" என்றார். மகளின் தலையைத் தடவிவிட்டார்.

பக்கத்தில் இருந்த மற்றத் தாய்மாரும் தங்கள் பிள்ளைகளின் தேதிகளைப் பார்க்கச் சொன்னார்கள். இன்னும் 6 வீடுகளில் அதே தேதிகள். எல்லாம் பெண் பிள்ளைகள். பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்ப்பவர் ஒரேயொருவர். அவர் லீவு போட்டால் பதில் ஆள் இல்லை. கொழுந்து நிறைய இருக்கும் காலத்தில் அம்மா நிற்க முடியாது. அப்போது வீட்டிலுள்ள மூத்த பெண் பிள்ளை நின்றுவிடுகிறாள். 7 வீட்டிலும் இதைச் சொந்த வீட்டுப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தேதிகளை ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகுதான் அது தோட்டத்தின் பிரச்சினை என்று விளங்கியது.

அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதினோம். தலைவரும் மாதர் தலைவியும் ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். முதல் தடவை "ஆள் இல்லை" என்றார்கள். இரண்டாம் தடவை "பார்ப்போம்" என்றார்கள். மூன்றாம் தடவை 7 தாய்மாரும் சேர்ந்து போனார்கள். பிள்ளை பார்ப்பவர் லீவு போடும் நாளில் தோட்டத்துப் பெண் ஒருவருக்கு முழுப்பேர் கொடுத்து அங்கே நிறுத்துவது என்று முடிவானது. அதற்கு மூன்று மாதம் பிடித்தது. இந்த வருடம் அந்தப் பிள்ளை மூன்றாம் தவணையில் 4 நாள்தான் வரவில்லை. கணிதத்தில் 38. பெரிய புள்ளி இல்லை. ஆனால் 22இலிருந்து 38க்கு அவளே ஏறி வந்திருக்கிறாள். அவள் இங்கேதான் இருக்கிறாள்.

எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். தரம் 7இல் ஒரு பையன். அவனது ரிப்போட்டில் "கவனமில்லை" என்று எழுதியிருந்தோம். அவன் அதை அப்பாவுக்கு வாசித்துவிட்டு, "பின் வாங்குல இருந்தா போர்டு தெரியலப்பா" என்றான். ஒரு வருடம் முழுவதும் அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை. தினமும் பார்க்கிற நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. கவனமில்லாமல் இருந்தது நாங்கள்தான். அவன் முன்னாலேயே அந்தச் சொல்லை வெட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டோம். இப்போது கண்ணாடி போட்டு முன் வாங்கில் இருக்கிறான். பெற்றோரும் பிள்ளையும் எங்கள் முன்னால் பேசியிராவிட்டால் அந்தச் சொல் அவனோடு தரம் 11 வரை போயிருக்கும்.

பிந்திப்போன கதையும் ஒன்று உண்டு. அந்த அப்பா இன்று வந்திருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறோம். அவருடைய மகன் தரம் 10இல் முதலாம் தவணையோடு நின்று, கொழும்பில் ஒரு கடைக்குப் போய்விட்டான். அப்போது வயது 15. "அவனாத்தான் போறேன்னான், விட்டுட்டேன்" என்றார் அப்பா. பழைய இடாப்புகளை எடுத்துப் பார்த்தோம். தரம் 8இல் வெள்ளிக்கிழமைகளில் வரவில்லை. தரம் 9இல் திங்களும் வெள்ளியும் வரவில்லை. பிறகுதான் ஒரேயடியாக நின்றான். இரண்டு வருடமாக அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்ததை இடாப்பு சொல்லிக்கொண்டே இருந்தது. வீட்டிலும் எண்ணவில்லை, பாடசாலையிலும் எண்ணவில்லை. தீபாவளிக்கு வந்தபோது அவனோடு பேசினோம். "கணக்கு ஒண்ணும் வெளங்கல டீச்சர், கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றான். இதைக் கேட்க நமக்கு மூன்று வருடம் பிடித்திருக்கிறது. இப்போது சாதாரண தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம் என்று சொல்லியிருக்கிறோம். முயற்சி செய்கிறோம். ஆனால் அந்த வாங்கில் அவன் இருந்திருக்க வேண்டிய நாட்களை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஒரு கணக்குப் போடுவோம். பாடசாலை வருடத்துக்கு ஏறக்குறைய 200 நாள் நடக்கிறது. தவணைக்கு 20 நாள் நின்றால் வருடத்துக்கு 60 நாள். ஐந்து வருடத்தில் 300 நாள். அதாவது ஒன்றரை வருடப் படிப்பு. செக்ரோலில் ஒன்றரை வருடப் பேரை வெட்டினால் நாம் சும்மா இருப்போமா?

நமக்கு முந்தியவர்களையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். இந்த நாட்டில் 1940களில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. ஒரு மண்டபம், ஒரு ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அநேகமான தோட்டங்களில் நம் தாத்தாமார் கண்ட பாடசாலை அதுதான். 1970களில்தான் அரசாங்கம் இவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்று 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். இந்த உரிமைகள் பிந்தித்தான் நம்மிடம் வந்து சேர்ந்தன. பிந்தி வந்ததை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாக இழந்துவிடக் கூடாது.

"சம்பளம் போதவில்லை, இதில் படிப்பை எப்படிப் பார்ப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சம்பளப் போராட்டத்தில் சங்கம் நிற்கிறது, நாங்களும் நிற்கிறோம். ஆனால் அது முடியும்வரை பிள்ளையின் வயது நிற்காது. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். இன்று இரவு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். தகப்பன்மார் இன்றைக்கு மட்டுமாவது தவறணைப் பக்கம் போக வேண்டாம். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். இஸ்தோப்பில் பிள்ளையோடு உட்காருங்கள். ரிப்போட்டைப் பிள்ளையே வாசிக்கட்டும். வரவு வரியையும் சேர்த்து வாசிக்கட்டும். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, "இந்த வருஷம் நீ நல்லாச் செஞ்சது எது?" அது பாடமாக இருக்க வேண்டும் என்றில்லை. ஓட்டமாக இருக்கலாம், நாடகமாக இருக்கலாம், ஒரு சிநேகிதிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததாக இருக்கலாம். இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். திட்டோடு தொடங்கினால் பிள்ளை வாயைத் திறக்காது.

இரண்டாவது, "எது வெளங்கல? எப்போ இருந்து வெளங்கல?" பதில் வரும்வரை பொறுத்திருங்கள். தரம் 5 புலமைப்பரிசில் எழுதிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 200 புள்ளிக்கு வைக்கும் ஒரு பரீட்சை 10 வயதுப் பிள்ளையின் தலையெழுத்து இல்லை. வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளைக்கும் தரம் 6 இருக்கிறது. அங்கே அது தலை நிமிர்ந்து போக வேண்டும்.

மூன்றாவது, "எந்த நாள் போகல? ஏன்?" காரணத்தைக் கேட்கும்போது அது நம் பக்கமே திரும்பி வரலாம். வந்தால் கோபப்படாதீர்கள். அந்த அம்மாவைப்போல ஏற்றுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. ரிப்போட்டை வாசித்து முடித்ததும் அம்மா அப்பாவின் சம்பளத் துண்டை வாங்கி, அதையும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு பிடித்தார்கள் என்று கூட்டிப் பாருங்கள். பிறகு அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வருஷம் உங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" அவர்கள் உங்களிடம் கேட்பதுபோல நீங்களும் கேட்கலாம். கணிதம் எதற்கு என்று கேட்ட பிள்ளைகளுக்கு அந்தத் துண்டிலேயே விடை இருக்கிறது.

கடைசியாக ஒரு தாளில் மூன்று பகுதி போடுங்கள். அடுத்த வருடம் பிள்ளை செய்யக்கூடியது ஒன்று. வீடு செய்யக்கூடியது ஒன்று. தோட்டமும் பாடசாலையும் அரசாங்கமும் செய்ய வேண்டியது ஒன்று. காலையில் நேரத்துக்கு எழும்புவது பிள்ளையின் பகுதி. மூத்த பிள்ளையை வீட்டில் நிறுத்தாமல் இருப்பது வீட்டின் பகுதி. ஓடைக்குப் பாலம், கணித ஆசிரியர், பிள்ளைக்காம்பரா, இவையெல்லாம் மூன்றாம் பகுதி. அந்த மூன்றாம் பகுதியை யாரும் தனியாகச் சுமக்க வேண்டாம். எழுத முடியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள், பிள்ளை எழுதும்.

தாளை வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு மாதர் தலைவியிடம் கொடுத்துவிடுங்கள். நாங்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். ஆபீசுக்குப் போக வேண்டியதைத் தலைவர் ஆபீசுக்குக் கொண்டுபோவார். வலயக் கல்விப் பணிமனைக்குப் போக வேண்டியதை அதிபரோடு சேர்ந்து நாங்கள் கொண்டுபோவோம். எங்களைப் பற்றிய குறை இருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். என்ன பதில் கிடைத்தது என்று முதலாம் தவணைக் கூட்டத்தில் இதே மண்டபத்தில் சொல்லுவோம். கிடைக்காவிட்டால் அதையும் சொல்லுவோம், அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து முடிவெடுப்போம்.

இருட்டப் போகிறது. மேல்கணக்குக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் புறப்படுங்கள். ரிப்போட் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.